இலை ஒட்டினால் முதலில் எதை வாங்குவது?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நர்சரியிலிருந்து இரண்டு ஹைட்ரேஞ்சியா தொட்டிச் செடிகளை வாங்கி வந்தேன். சில வாரங்களாக இலைகளைத் தொட்டால் சர்க்கரைப் பாகு பட்டதுபோல் ஒட்டுகிறது. கீழ் இலைகளில் கரி பூசியதுபோல் கறுப்பும் படிந்திருக்கிறது. மருந்துக் கடையில் பூஞ்சாணக்கொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். இருமுறை தெளித்தும் பலனில்லை. இப்போது மண்ணில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? நர்சரியிலிருந்தே பூச்சியுடன் வந்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
— வாசகி, குன்னூர்

பதில்: இப்போதைக்கு எந்த மருந்தையும் வாங்க வேண்டாம். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியுடன் பாருங்கள்.

அந்தப் பிசுபிசுப்பு செடியின் நோயன்று. சாறு உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பான கழிவு அது; தேன்துளி என்பார்கள். செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதியாகவும் புரதத்துக்கு வேண்டிய சத்து குறைவாகவும் இருப்பதால், பூச்சி தனக்குத் தேவையான சத்துக்காக நிறையச் சாற்றைக் குடித்து, மிஞ்சும் சர்க்கரையை வெளியே விட்டுவிடுகிறது. அது கீழே உள்ள இலைகளின் மேற்புறத்தில் விழுந்து ஒட்டுகிறது, அதன்மேல் வளர்வதுதான் நீங்கள் காணும் கரும்பூசணம். அந்தப் பூசணம் இலைக்குள் நுழைவதில்லை, சர்க்கரையைத் தின்று மேலேயே வாழ்கிறது. ஆகவே பூஞ்சாணக்கொல்லிக்குச் செலவிட்ட பணம் வீணானதில் வியப்பில்லை. பூச்சி போனால் பூசணமும் போகும், படிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

எந்தப் பூச்சி என்பதே அடுத்த கேள்வி. இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக மொய்த்திருந்தால் அசுவினி. இலைக்கணுவில் பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. தொட்டி அசைந்ததும் சிறு வெள்ளைப் பூச்சிகள் பறந்தெழுந்தால் வெள்ளை ஈ. தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்பு நிறச் சிறு ஓடுகள் அசையாமல் ஒட்டியிருந்து, நகத்தால் கீறினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. இதைத்தான் பலரும் செடியின் தோல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். எறும்புகள் தண்டில் வரிசையாக ஏறினால் அவற்றைப் பின்தொடருங்கள், பூச்சி இருக்கும் இடத்துக்கு அவையே வழி காட்டும். செடியில் எங்குமே பூச்சி இல்லையென்றால் தொட்டிக்கு மேலே கிளை நீட்டும் மரத்தைப் பாருங்கள், தேன்துளி அங்கிருந்து சொட்டியிருக்கலாம். விடியற்காலையில் இலை விளிம்பில் நிற்கும் நீர்முத்துகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை ஒட்டாது, வெயில் ஏறினால் உலர்ந்துவிடும்.

அசுவினியென்றால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய்நீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போதும். மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரில் கலப்பதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வெள்ளை ஈக்கும் இதுவே போதும். முதலில் நான்கைந்து இலைகளில் தெளித்து, இரண்டு நாள் கருகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முட்டையிலிருந்து புதிய குஞ்சுகள் வந்துகொண்டே இருப்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று வாரங்கள் தொடர வேண்டும். துணி துவைக்கும் தூள் இலையைக் கருக்கிவிடும், அதைப் பயன்படுத்த வேண்டாம். அடுப்புச் சாம்பலைத் தூவும் பழைய வழக்கத்தையும் இந்தச் செடியில் தவிர்க்கவே சொல்வேன்: நீலகிரியின் புளிப்பு மண்ணால்தான் உங்கள் பக்கம் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது; சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைத்து, நீல நிறத்துக்கு வேண்டிய அலுமினியத்தை வேர் எடுக்க முடியாமல் செய்வதால், பூ இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். தழைச்சத்து மிகுந்த உரத்தையும் நிறுத்தி வையுங்கள். அதனால் துளிர்க்கும் மென்மையான தளிர் அசுவினிக்கு விருந்து. பூச்சியைக் காரணம் காட்டிச் செடியை ஒட்ட வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவை இழப்பீர்கள், ஏனெனில் இந்த வகை பெரும்பாலும் முந்தைய ஆண்டுத் தண்டிலேயே பூக்கிறது.

இமிடாகுளோபிரிட் செடி முழுவதும் பரவும் மருந்து. பூவின் தேனிலும் மகரந்தத்திலும்கூடச் சேரக்கூடியது. தேனீக்களுக்கு விளையும் தீங்கைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதன் திறந்தவெளிப் பயன்பாட்டைத் தடை செய்தது. வாசலில் இருக்கும் இரண்டு தொட்டிகளுக்காக அதை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சிமருந்து எதுவானாலும் முத்திரை உடையாத புட்டி, காலாவதித் தேதி, நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் ஆகியவற்றைப் பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் குறையும். வேறு புட்டியில் ஊற்றித் தருவதை ஒருபோதும் வாங்காதீர்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். வாங்கிய நாளிலேயே பூச்சி இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும், இரண்டு மாதத்தில் அது பக்கத்துச் செடியிலிருந்தும் வந்திருக்கலாம். ஆயினும் ரசீதும் படங்களும் இருந்தால் நர்சரிக்காரரிடம் முதலில் பேசிப் பாருங்கள். மாற்றுச் செடி தர அவரே முன்வரலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியலாம். அடுத்த முறை நர்சரியில் பணம் கொடுப்பதற்கு முன் ஐந்தாறு இலைகளைத் திருப்பிப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.