சர்க்கரை சேர்க்காத ஷாம்பெயின்: கேள்வி பதில்

கேள்வி: 'ப்ரூட்' வகை ஷாம்பெயின் குடித்துப் பழக்கம். 'ப்ரூட் நேச்சர்' என்று போட்ட பாட்டிலில் வித்தியாசம் தெரியுமா?

பதில்: முதல் மடக்கிலேயே தெரியும். ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை இருக்கலாம். ப்ரூட் நேச்சரில் 3 கிராமுக்கும் கீழே. பாட்டிலில் படிந்த ஈஸ்ட் வண்டலை நீக்கிய பிறகு சர்க்கரை சேர்க்கவே கூடாது.

கேள்வி: சிறு விவசாயி செய்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 'ஆர்எம்' (RM) என்றிருந்தால், தன் தோட்டத்துத் திராட்சையைத் தானே ஒயினாக்குபவர். 'என்எம்' (NM) என்றால் திராட்சையை விலைக்கு வாங்கியும் செய்பவர். பயோடைனமிக் (ரசாயனம் தவிர்த்து, ருடால்ஃப் ஸ்டெய்னர் வகுத்த முறையில் செய்யும் விவசாயம்) தோட்டத்துக்கு டிமீட்டர் அல்லது பயோடிவின் முத்திரையைத் தேடுங்கள். ஷாம்பெயின் பகுதியில் வெர்ட்யூ ஊரின் லார்மாந்தியே-பெர்னியே என்ற தயாரிப்பாளர் செய்யும் 'தேர் த வெர்ட்யூ' நல்ல தொடக்கம்: முழுக்க ஷார்டோனே என்ற வெள்ளைத் திராட்சை.

கேள்வி: பயோடைனமிக் தோட்டத்தில் மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைப்பதால் ருசி மாறுமா?

பதில்: 1924-இல் ஆஸ்திரிய சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டெய்னர் சொன்ன முறை அது. கொம்பைக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, எடுத்த சாணத்தை ஒரு மணி நேரம் தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்கள். கிளாஸில் கொம்பு தெரியாது. விவசாயி பழம் பழுத்த பிறகு பறித்தாரா என்பது தெரியும். காய்வெட்டாகப் பறித்திருந்தால் அதை மூடி மறைக்க இந்த ஒயினில் சர்க்கரை கிடையாது.

கேள்வி: வாயில் வைத்ததும் வெடுக்கென்று ஒரே புளிப்பு. கெட்டுவிட்டதா?

பதில்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றியிருப்பீர்கள். 5 டிகிரியில் மணம் அடங்கி, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 10 முதல் 12 டிகிரிக்கு வரட்டும். குறுகிய நீள கிளாஸ் வேண்டாம். வயிறு அகன்று வாய் குவிந்த கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். ஒரு மடக்கை உடனே விழுங்காமல், நாக்கில் குமிழியின் குத்தல் அடங்கும்வரை வைத்திருங்கள். அதன் பிறகுதான் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கடைசியில் லேசான உப்பு என்று வரிசையாக வரும்.

பின் லேபிளில் வண்டல் நீக்கிய தேதியையும் பாருங்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லையென்றால் ஒயின் இன்னும் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். அரை வருஷம் படுக்க வையுங்கள்.

உண்மையிலேயே கெட்டதற்கு அடையாளம் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கோளாறு, தேறாது. அழுகிய முட்டை வாடையானால் கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: குமிழியே இல்லை, ஆனால் நாக்கில் குத்துகிறது?

பதில்: அப்படியானால் வாயு உள்ளேதான் இருக்கிறது, குறை கிளாஸில். துணியிலிருந்து ஒட்டிய நுண்ணிழைகளில்தான் குமிழி பிறக்கும். சோப்புப் படலம் நுரையைக் கொல்லும். வெந்நீரில் மட்டும் அலசித் துணியால் துடையுங்கள்.

கேள்வி: திறக்கும்போது பாதி வழிந்துவிட்டது!

பதில்: குளிராத பாட்டில், அல்லது குலுங்கிய பாட்டில். உள்ளே அழுத்தம் சுமார் 6 பார். சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலைத் திருப்புங்கள்.

கேள்வி: பிறந்தநாள் கேக்கோடு தரலாமா?

பதில்: வேண்டாம். இனிப்புக்குப் பின் குடித்தால் வெறும் புளித்தண்ணீர். சமைக்காத சிப்பி, முற்றிய கோம்தே சீஸ், உப்பிட்ட பாதாம் கொடுங்கள்.