சாங்கருக்கு அப்புறம் எங்கே படிப்பது?

கேள்வி: நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறேன். டி.என்.ஏ. வரிசைப்படுத்தலில் (அதன் எழுத்துகளை வரிசையாகப் படிப்பதில்) சாங்கர் முறையோடு பாடம் நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த இல்லுமினா, நானோபோர் முறைகள் எல்லாம் பெயரளவில்தான் தெரியும். காசு கட்டாமல் இணையத்தில் உருப்படியாகப் படிக்க வழி உண்டா?
– வாசகி, தக்கலை

பதில்: தாராளமாக உண்டு. 1977-ல் வந்த சாங்கர் முறை நன்றாகப் புரிந்திருந்தால் இல்லுமினா பயமுறுத்தாது. அங்கேயும் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதிதான் எழுத்தைச் சேர்க்கிறது, ஓர் எழுத்து சேர்ந்ததும் நிறுத்திப் படமெடுத்து, தடையை நீக்கி அடுத்ததற்குப் போகிறார்கள், அதுவும் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான துண்டுகளில். நானோபோர் வேறு மாதிரி. புரதத் துளை வழியாக இழை போகும்போது மின்னோட்டம் மாறுமே, அதை வைத்து எழுத்தைக் கணிக்கிறது. இந்த அளவுக்கு அந்தந்த நிறுவனங்களின் யூடியூப் வீடியோக்களே போதும், ஆனால் விற்கிறவர்கள் தங்கள் கருவியின் குறையைச் சொல்ல மாட்டார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

வீடியோவோடு நின்றுவிடாதீர்கள், அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. மரபணுத் தரவுகளை இணையத்திலேயே அலச உதவும் கேலக்ஸியின் பயிற்சித் தளத்துக்குப் போய் 'தரக் கட்டுப்பாடு' பாடத்தை முதலில் செய்யுங்கள். இலவசம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கணக்கெல்லாம் அவர்கள் சர்வரில் நடப்பதால் கல்லூரி லேபில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். கருவி படித்த எழுத்துகளைச் சேமிக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி. நான்காவது வரியில் புரியாத குறிகளாக இருப்பதுதான் ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று தவறாக இருக்கலாம். இதை உங்கள் கையால் பார்த்தால்தான் மற்றதெல்லாம் பிடிபடும்.

அடுத்து வாழையை எடுங்கள். நம் கன்னியாகுமரி வாழை வகையான மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். வாழையின் மரபணுத்தொகுதி 2012-லேயே வெளியாகிவிட்டது. அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. நடத்தும், வரிசைத் தரவுகளைச் சேமித்து வைக்கும் எஸ்.ஆர்.ஏ. களஞ்சியத்தில் வாழை என்று தேடி, ஒரு தரவின் எண்ணைக் கொடுத்தால் கேலக்ஸியே அதை இழுத்துக்கொள்ளும். குட்டைத் துண்டு (இல்லுமினா) ஒன்று, நீளத் துண்டு (நானோபோர் போன்றவை) ஒன்று என இரண்டு வகையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் இடங்களில் குட்டைத் துண்டு எங்கே பொருந்தும் என்றே தெரியாமல் திணறும். மனித மரபணுத்தொகுதியில், அதைப் படிக்கும் திட்டம் முடிந்த 2003-க்குப் பிறகும் விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதம் 2022-ல் நிரம்பியது நீளத் துண்டுகளால்தான்.

துண்டுகளை எப்படிக் கோக்கிறார்கள் என்ற கணக்குக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பென் லாங்மீட் நடத்தும் யூடியூப் வகுப்புகள் அருமை. பைத்தான் நிரல்மொழி பழக, உயிரியல் கணக்குகளைத் தரும் ரோசலின்ட் தளம். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்ஸி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களும் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கூடப் படிக்கிற ரெண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.