எண் சரி, செய்தி சரியா? – கேள்வி பதில்

செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் எண்களை அரசு அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய குடும்பநல ஆய்வு, குற்றப் புள்ளிவிவரம் ஆகிய மூன்றும் எனக்குப் பழக்கமானவை. மற்றவற்றுக்கு வேறு ஆளைப் பாருங்கள். முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பி “இது உண்மையா?” என்று கேட்காதீர்கள். தலைப்பும் அடிக்குறிப்பும் வெட்டப்பட்ட அட்டவணையை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி (ஆசிரியர், கோவை): மேடம், கோவை மாவட்ட மக்கள்தொகை 2001-ல் 42,71,856. 2011-ல் 34,58,045. பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேர் ஊரைக் காலி செய்துவிட்டதாக ஒரு வீடியோ சுற்றுகிறது. எடுத்துப் பார்த்தேன், இரண்டு எண்ணும் கணக்கெடுப்பில் அப்படியே இருக்கின்றன. அப்போ உண்மைதானா?

பதில்: இரண்டு எண்ணும் சரி, அவற்றைக் கழித்ததுதான் தப்பு. 2009-ல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து வட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 2001-ன் கோவைக்குள் திருப்பூர் நகரமே இருந்தது, 2011-ன் கோவைக்குள் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே இடம் என்று நினைத்துவிடுகிறோம்.

கணக்கெடுப்புத் துறை இதைக் கவனிக்காமல் விடவில்லை. புதிய எல்லைக்குள் 2001-ல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று திருத்திய எண்ணையும் தந்திருக்கிறது: 29,16,620. அதோடு ஒப்பிட்டால் கோவை 18.56 சதவீதம் வளர்ந்திருக்கிறது. வீடியோ போட்டவர் 2001 வெளியீட்டையும் 2011 வெளியீட்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்டியிருப்பார். ஒப்பீடு வேண்டுமென்றால் புதிய வெளியீட்டிலேயே பழைய ஆண்டின் எண்ணையும் தேடுங்கள்.

அந்தப் பத்தாண்டில் நிஜமாகவே மக்கள் குறைந்த மாவட்டம் ஒன்று உண்டு, நீலகிரி. 7,62,141 பேர் 7,35,394 ஆனார்கள். அதைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை.

2011-ல் தமிழகத்தில் 32 மாவட்டங்கள், இப்போது 38. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்டு வரப்போகிறது. அப்போது வேலூரும் விழுப்புரமும் “காலியாகிவிட்டன” என்று இதே வீடியோ மறுபடி வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன். உண்மையா?

பதில்: தலைப்பு எங்கே?

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்று குடும்பநல ஆய்வு 5 சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் 943. பத்தே ஆண்டில் இப்படி மாறுமா?

பதில்: நல்ல சந்தேகம். 2021 நவம்பரில் இந்த 1,020 வெளிவந்தபோது பல பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. தமிழ்நாட்டுக்கு அதே ஆய்வில் 1,088. கணக்கெடுப்பில் 996.

இரண்டும் எண்ணிய கூட்டம் வேறு. கணக்கெடுப்பு வீடு வீடாகப் போவதோடு விடுதி, சிறை, தெருவோரம் என்று எல்லோரையும் எண்ணும். குடும்பநல ஆய்வு சுமார் 6.37 லட்சம் வீடுகளை மாதிரியாக எடுத்தது. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை வைத்துத்தான் இந்த விகிதம். வேலைக்காக வெளியூர் போய் விடுதியிலும் முகாமிலும் கிடக்கும் ஆண்கள் அதில் வரமாட்டார்கள். தாய் சேய் நலத்தை அளக்க வந்த ஆய்வு அது. ஆண் பெண் தலைக்கணக்குக்கு அதை இழுப்பது நியாயமில்லை.

அதே தாளில் அடுத்த வரியையும் பாருங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 929 பெண். 1,020-ஐப் பகிர்ந்த எத்தனை பேர் கண்ணை ஒரு வரி கீழே இறக்கினார்கள்?

கேள்வி (வாசகர், சேலம்): இந்தியாவில் 43.63 சதவீதம் பேருக்கு இந்தி தாய்மொழி என்கிறார்களே, இது பச்சைப் பொய்தானே?

பதில்: பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. 2011 கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணையான சி-16-ல் “இந்தி” என்ற தலைப்பில் 52,83,47,193 பேர். மொத்தத்தில் அதுதான் 43.63 சதவீதம். ஆனால் அது ஒரு தொகுப்பு. தலைப்புக்குக் கீழே உள்தள்ளி ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் தனித்தனியாகப் போட்டிருக்கும். போஜ்புரி மட்டும் 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி 2.5 கோடிக்கு மேல், சத்தீஸ்கரி 1.6 கோடி. தன் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் 32.22 கோடி. அதாவது சுமார் 26.6 சதவீதம்.

ஆகவே “இந்தித் தொகுப்பு 43.63” என்றால் அட்டவணை ஒத்துக்கொள்ளும். “43.63 சதவீதம் பேர் தங்கள் தாய்மொழி இந்தி என்றார்கள்” என்றால் அதே அட்டவணை மறுக்கும்.

கேள்வி (அதே வாசகர்): நான் சொன்னதும் அதுதானே மேடம், மோசடி!

பதில்: அதை நான் சொல்லவில்லை. உள்விவரத்தை அவர்களேதான் அச்சிட்டிருக்கிறார்கள். தமிழைப் பாருங்கள்: 6,90,26,881 பேர். அதற்குள்ளும் இருளர் மொழி, ஏருகலா எல்லாம் அடங்கியிருக்கின்றன. எண்ணிக்கை சின்னது, முறை அதே முறை. அங்கே பொங்கினால் இங்கேயும் பொங்க வேண்டும்.

கேள்வி (டெல்லித் தமிழர்): போஜ்புரிக்காரர்களுக்கு இந்தி புரியும், மேடம். சேர்த்து எண்ணுவதில் என்ன தப்பு? 57 சதவீதம் பேருக்கு இந்தி தெரியும் என்றும் ஒரு அட்டவணை இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, சி-17. இரண்டாம், மூன்றாம் மொழியாக இந்தி தெரியும் என்றவர்களையும் கூட்டினால் சுமார் 57 சதவீதம் வரும். அது தெரிந்த மொழிக் கணக்கு, தாய்மொழிக் கணக்கு அல்ல. அதிலும் முதல் மொழி என்பது இதே தொகுப்புதான். புரியுமா புரியாதா என்பதை சி-16-ல் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அட்டவணையிடம் பதில் வாங்கக் கூடாது.

தொகுப்பின் வேலியும் நகரும். மைதிலி 1991-ல் இந்திக்குள் இருந்தது. 2003-ல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த பிறகு, 2001 கணக்கெடுப்பின் மொழி வெளியீட்டில் தனியாக வந்துவிட்டது. ஆக, மொழி விகிதம் ஏறியது, இறங்கியது என்று எழுதுமுன் வேலி எங்கே நின்றது என்று பாருங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் நீங்கள் யார் பக்கம்?

பதில்: அடிக்குறிப்பின் பக்கம். அடுத்தவர்.

கேள்வி: மொழிப் பட்டியலில் தோடர் மொழியே இல்லை. அழிந்துவிட்டதா?

பதில்: இல்லை. இந்திய அளவில் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியாகக் காட்டாமல் “மற்றவை”யில் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: மேடம், இந்த ஸ்கிரீன்ஷாட்...

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி (போட்டித் தேர்வு மாணவர்): தமிழக எழுத்தறிவு 2001-ல் 73.45 சதவீதம், 2011-ல் 80.09. எங்கள் கையேட்டில் “9 சதவீதம் உயர்வு”, இன்னொன்றில் “6.64”. எது சரி?

பதில்: 6.64 சதவீதப் புள்ளிகள். பழைய அளவோடு ஒப்பிட்டால் 9 சதவீதம். இரண்டும் சரி, எது என்று சொல்லாமல் எழுதுவதுதான் கோளாறு.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 80.09 என்பது 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். மொத்த மக்கள்தொகை 7.21 கோடியை இதனால் பெருக்கி “5.78 கோடி பேர் எழுத்தறிந்தோர்” என்று எழுதுகிறார்கள். அட்டவணையில் இருப்பது சுமார் 5.18 கோடி. கைக்குழந்தைகளையும் சேர்த்துப் படிக்க வைத்தால் 60 லட்சம் கூடத்தான் செய்யும். சதவீதத்தைப் பார்த்தவுடன் “எதில் சதவீதம்?” என்று கேளுங்கள்.

கேள்வி: தங்கம் விலை ஏறுமா?

பதில்: நகைக்கடையில் கேளுங்கள்.

கேள்வி (நிருபர்): 2020-ல் நாட்டில் குற்றங்கள் 28 சதவீதம் கூடின என்று குற்ற ஆவணக் காப்பக அறிக்கையை வைத்து எழுதலாமா?

பதில்: “பதிவான வழக்குகள் கூடின” என்று எழுதுங்கள். மொத்தம் சுமார் 51.5 லட்சத்திலிருந்து 66 லட்சம் ஆனது. எதனால்? அப்போதைய தண்டனைச் சட்டம் 188, அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது. 2019-ல் 29,469 வழக்குகள், 2020-ல் 6,12,179. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள்மேல் போட்ட வழக்குகள் அவை. அந்த ஒரு வரிசையை மூடிவிட்டுப் பார்த்தால் 28 சதவீதம் சுமார் 17 ஆகிவிடும். மற்ற தனி வரிசைகளையும் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று: ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றைத்தான் எண்ணுவார்கள். பாலியல் வன்கொடுமை செய்து கொலை என்றால் அது கொலையில் போய்விடும். மற்ற வரிசை அந்த அளவுக்குக் குறைவாகத்தான் தெரியும்.

கேள்வி: குடும்பநல ஆய்வில் சில எண்களுக்கு அடைப்புக்குறி, சில இடத்தில் நட்சத்திரம். அச்சுப்பிழையா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்த எண், ஜாக்கிரதை. நட்சத்திரம் என்றால் 25 பேர்கூட இல்லை, அதனால் எண்ணே போடவில்லை. எக்செல்லுக்கு மாற்றும்போது அடைப்புக்குறி எண்கள் சில நேரம் மைனஸ் ஆகிவிடும், நட்சத்திரத்தைப் பலர் சுழியம் என்று நிரப்பிவிடுவார்கள். மாவட்டத் தரவரிசை போடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், சென்னை): ஏஐ-யிடம் அட்டவணையைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் போதாதா?

பதில்: ஏஐ-க்கு இந்த வேலையைப் பழக்கவும் சோதிக்கவுமென்றே டேப்ஃபேக்ட் என்ற தரவுத்தொகுப்பு இருக்கிறது. விக்கிப்பீடியாவின் 16,000 அட்டவணைகள், அவற்றின்மேல் 1.18 லட்சம் கூற்றுகள், ஒவ்வொன்றும் சரியா தவறா என்று. அதில் “சொல்ல முடியாது” என்ற மூன்றாவது பதில் கிடையாது. பின்னால் வந்த ஃபீவரஸ் தொகுப்பில் “போதிய தகவல் இல்லை” சேர்ந்தது. எனக்கு வரும் கூற்றுகளில் பாதி அந்த ரகம்தான். நீங்கள் ஏஐ-யைப் பயன்படுத்துவதானால் தீர்ப்பைக் கேட்காதீர்கள். எந்த வரிசை, எந்த நெடுவரிசை, என்ன கணக்கு என்று எழுதச் சொல்லி, கணக்கை நீங்களே எக்செல்லில் போடுங்கள்.

கேள்வி (டெல்லித் தமிழர்): மேடம், இந்தி விஷயத்தில் 26.6 என்று சொல்லி நீங்களும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): இல்லை, 43.63-ஐப் பொய் இல்லை என்று சொன்னதுதான் சாய்வு!

பதில்: நீங்கள் இருவரும் சி-16-ஐத் திறந்து, “போஜ்புரி” என்ற வரி எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பிடிஎஃப் வேண்டாம், எக்செல் கோப்பாகவே கணக்கெடுப்புத் தளத்தில் கிடைக்கிறது.