வாசகர் கேள்வி – பதில்: மீட்டு வந்த கால்நடைக்கு முதல் ஒரு மாதம்

கேள்வி: எலும்பும் தோலுமாக இருக்கும் வெள்ளாடு ஒன்றை மீட்டுக் காப்பகத்துக்குக் கொண்டுவருகிறோம். எடை முப்பது கிலோ இருக்கும். வயிறு நிறையத் தீனி போட்டால் சீக்கிரம் தேறிவிடும் அல்லவா?

பதில்: தேறாது. பட்டினியைத் தாக்குப்பிடித்த ஆடு, நாம் பாசத்தில் கொட்டும் தானியத்தால் செத்துப்போவதுண்டு. பெருவயிற்றில் தீனியைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பட்டினியில் குறைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் தானியம் உள்ளே போனால் புளித்து அமிலமாகும். ஆடு அசைபோடுவதை நிறுத்தும், கழியும், ஓரிரு நாளில் படுத்துவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். தசை துவளும், இதயத் துடிப்பு தடுமாறும். ஆடு தேறிவருகிறது என்று நாம் நம்பத் தொடங்கும் முதல் பத்து நாட்களுக்குள்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

முதலில் உடல் வெப்பத்தைப் பாருங்கள். வெள்ளாட்டுக்கு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 38-க்குக் கீழே இருந்தால் போர்த்திச் சூடேற்றிவிட்டுத்தான் தீனி. முப்பது கிலோ எடையுள்ள நல்ல ஆடு நாளுக்கு 900 கிராம் அளவுக்கு உலர்ந்த புல் தின்னும். நீங்கள் 400 கிராமில் தொடங்குங்கள். அதையும் ஆறு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். பத்து நாளில் முழு அளவுக்கு வரலாம். இரண்டு வாரம் வரை தானியம், அடர்தீவனம் எதுவும் கூடாது. அதன்பின் 50 கிராமில் ஆரம்பித்து, மூன்று நாளுக்கொரு முறை கொஞ்சம் கூட்டலாம்.

வயிறு வேலை செய்கிறதா என்பதைக் கையே சொல்லும். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்திவையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை பெருவயிறு புரண்டு கையை மெல்லத் தள்ள வேண்டும். இரண்டு நிமிடம் வைத்திருந்தும் அசைவே இல்லையென்றால் தீனியைக் கூட்டாமல் மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: புதிதாக வந்ததை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்? தனியே விட்டால் கத்திக்கொண்டே இருக்கிறதே?

பதில்: முப்பது நாள். அதற்குத் தனி வாளி, தனிச் செருப்பு, தனித் துடைப்பம் வேண்டும். மற்ற ஆடுகளைக் கவனித்து முடித்த பிறகே இதனிடம் போக வேண்டும். வரிசை மாறினால் நோயை நாமே சுமந்துபோய்க் கொடுப்போம். அதன் கொட்டகைக் கழிவுநீரும் மற்றவை இருக்கும் பக்கம் ஓடக்கூடாது.

கத்துவது நியாயம்தான். ஆடு கூட்டத்தில் வாழ்வது, தனிமையில் தீனியைக்கூட விட்டுவிடும். மூக்கோடு மூக்கு உரசாமல், மற்ற ஆடுகள் கண்ணில் படுகிற தூரத்தில் பட்டி போடுங்கள். ஒரே இடத்திலிருந்து இரண்டு ஆடுகள் வந்தால் சேர்த்தே வையுங்கள்.

வந்த அன்றே புதுப் புழுக்கையைப் புழு முட்டைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கீழ் இமையை விரித்துப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் ரத்தம் குடிக்கும் குடற்புழு இருக்கலாம். தாடைக்குக் கீழே மெத்தென்ற வீக்கமும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவம் வேண்டும். குடற்புழு மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். எடை போட்டுப் பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். செம்மறிக்கு எழுதியிருக்கும் அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. குறைந்த அளவில் சாகாத புழு, மருந்துக்குப் பழகிவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தால்தான் மருந்து வேலை செய்ததா என்பது தெரியும்.

கேள்வி: மாதம் முடிந்ததும் கூட்டத்தோடு விட்டால் முட்டித் தள்ளுகின்றன.

பதில்: ஒரு வாரம் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பழக விடுங்கள். பிறகு பகலில், திறந்த வெளியில், தீனி போட்ட கையோடு சேர்த்துவிடுங்கள். மூலையில் மாட்டிக்கொள்ளும் இடம் இருக்கக்கூடாது. தீனித்தொட்டிகள் ஆடுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் முட்டிக்கொள்வது இயல்பு. ரத்தம் வந்தாலோ, ஒன்றைத் தண்ணீர் பக்கமே விடாமல் விரட்டினாலோ பிரித்துவிடுங்கள். முதல் இரவே ஒரே கொட்டகையில் அடைக்க வேண்டாம்.

கேள்வி: வண்டியிலிருந்து இறக்கிய பசு எழவே இல்லை. காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கால் கெடுகிறது. பசுவின் எடை முழுவதும் அடியில் இருக்கும் பின்னங்காலை அழுத்தி, தசையையும் நரம்பையும் நசுக்கும். சிமென்ட் தரையில் அரை நாள் கிடந்தாலே, முதலில் விழக் காரணமான நோய் குணமான பிறகும் எழ முடியாமல் போகலாம். ஓர் அடி ஆழத்துக்கு மணல் கொட்டி அதன்மேல் நகர்த்துங்கள். மூன்று நான்கு மணிக்கொரு முறை, இரவிலும், பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். நெஞ்சு தரையில் படிய நிமிர்ந்து உட்கார வேண்டும். சாயாதபடி வைக்கோல் கட்டுகளை அண்டக் கொடுங்கள். மல்லாந்தோ பக்கவாட்டிலோ நீட்டிக் கிடந்தால் வாயு வெளியேறாமல் வயிறு உப்பிச் செத்துவிடும். தண்ணீர் வாய்க்கு எட்ட வேண்டும். கால்சியம் குறைவா, எலும்பு முறிவா என்பதை மருத்துவர் அன்றே பார்த்தாக வேண்டும். தீனியில் நாட்டம் இருந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வரை முயற்சியைக் கைவிடாதீர்கள். தீனியையும் மறுத்து, படுக்கைப் புண்ணும் ஆழமாகிவிட்டால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி: மீட்ட பிராய்லர் கோழி எப்போதும் பசி பசி என்கிறது.

பதில்: ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி வளர்க்கப்பட்ட இனம் அது. கேட்கும்போதெல்லாம் போட்டால் கால் வளையும், இதயம் தாங்காது. காலை, மாலை அளந்து போட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். உயரமான கழி வேண்டாம்; குதித்து இறங்கும்போது பாதம் அடிபட்டுச் சீழ் கட்டும்.

கேள்வி: வெள்ளாட்டுக்கு வைத்த தாது உப்பைச் செம்மறி நக்கலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். பல வாரங்கள் வெளியில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பயணமோ வேறு அதிர்ச்சியோ வந்ததும் அது ரத்தத்தில் கலந்து, கண் மஞ்சளாகி, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். அந்த நிலையில் பிழைப்பது அரிது. இரண்டையும் ஒரே பட்டியில் வைத்திருந்தால் செம்மறிக்கான தாது உப்பையே வையுங்கள். வெள்ளாட்டுக்குத் தேவைப்படும் தாமிரத்தை மருத்துவர் சொல்படி தனியாகக் கொடுக்கலாம்.