யானை தண்டோடு போகும், வாடல் கிழங்கில் இருக்கும்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் காட்டோரமாக 2 ஏக்கர் கதலி வாழை வைத்திருக்கிறேன். நட்டு ஆறு மாதம். போன வாரம் யானை புகுந்து 40 மரத்தை ஒடித்துவிட்டது. அந்த இடங்களில் எங்கள் தோட்டத்துப் பக்கக்கன்றையே எடுத்து நடலாமென்று இருக்கிறேன். வடக்கு மூலையில் ஏழெட்டு மரத்தில் அடியிலை மஞ்சளாகித் தொங்குகிறது. சத்துக்குறை என்று உரக்கடையில் நுண்ணூட்டம் கொடுத்தார்கள். யானைக்கு ஒரு வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: ஒடிந்த மரங்களைப் படம் எடுத்து, அடங்கலோடு (கிராமப் பயிர்க் கணக்கு) வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். சோலார் வேலி போட்டால் கம்பியில் புல் படாமல் வெட்டிவிடுங்கள். கரண்ட் லைனில் நேரடியாகக் கொக்கி மட்டும் போடாதீர்கள். யானையும் சாகும், ஆளும் சாவான். யானைக்கு இது போதும்.

எனக்குக் கவலை அந்த வடக்கு மூலைதான். அந்த மஞ்சள் வாடல் நோயாக இருக்கலாம். யானை தண்டைத்தான் தின்றது. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, மறுபடி கன்று விடும். வாடல் பூசணம் வேர்வழியே நேராகக் கிழங்குக்குள் ஏறும். மரம் செத்த பிறகும் மண்ணில் இருபது முப்பது வருஷம் கிடக்கும். யானையைப் பட்டாசு போட்டாவது விரட்டலாம்.

மஞ்சளான மரம் ஒன்றைத் தோண்டி, கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். தண்டின் அடி நெடுக வெடித்து, கிழங்கில் செம்பழுப்புப் புள்ளியும் கோடும் தெரிந்தால் ஃபுசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல்தான். வெறும் சத்துக்குறை என்றால் கிழங்கு வெள்ளையாக இருக்கும். கடைக்காரர் வெட்டிப் பார்த்தாரா? பாட்டிலை விற்றார், அவ்வளவே.

வாடல் என்று தெரிந்தால் அந்தத் தோட்டத்துக் கன்றை ஒன்றுகூட எடுக்காதீர்கள். வெளியே பச்சையாக இருக்கும், உள்ளே பூசணம் இருக்கும். ஒரு மூலையில் இருப்பதை நீங்களே 40 குழிக்குக் கொண்டுபோய் வைப்பீர்கள். யானைக் கால் சேற்றிலும் அது நகரும்தான்; ஆனால் யானை என்றைக்கோ வருகிறது, உங்கள் மண்வெட்டி தினமும் போகிறது. லாரியில் கன்று இறக்கும் புரோக்கரிடமும் வாங்காதீர்கள். எந்தத் தோட்டத்துக் கன்று என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தாய்மரத்தை நேரில் பார்க்காமல் கன்றுக்குப் பணம் கொடுப்பதை நம் ஆட்கள் விட்டாலே பாதி வாடல் குறையும். திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வரும். நோய் மண்ணில் நட்டால் அதுவும் வாடும்.

வாடிய மரங்களைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரியுங்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்த மூலைத் தண்ணீர் மற்ற பாத்திக்குப் பாயக்கூடாது. கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லி ஊசியால் மண் சுத்தமாகாது. கதலி, ரஸ்தாளி, மொந்தன் மூன்றும் வாடலுக்குச் சீக்கிரம் விழும். அடுத்த நடவுக்குப் பூவன் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அதற்கு முன் நெல் போடுங்கள். கிழங்கைப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்டுவிட்டுக் குழி எடுங்கள்.