முழங்கைப் பேட் நழுவுகிறது என்றால்

ஜனவரியில் ஊட்டிக்கு பைக்கில் போகவிருக்கும் பெண்ணான நீங்கள், ஆண்களுக்கான மீடியம் ரைடிங் ஜாக்கெட்டில் முழங்கைப் பேட் (விழும்போது அடியைத் தாங்கும் மெத்தை) நழுவுகிறது, லைனர் (கழற்றி மாட்டும் குளிர்காப்பு உள்ளுறை) மாட்டினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். லைனர் மாட்டினாலும் அது நழுவத்தான் செய்யும். ஆகவே ஜனவரி ஊட்டிப் பயணத்துக்கு முன் பெண்களுக்கென வெட்டித் தைத்த ஜாக்கெட்டுக்கு மாறிவிடுங்கள். தோளும் கைநீளமும் ஆண் அளவில் இருப்பதே பெரும்பாலும் காரணம். அந்தத் தொளதொளப்பின் வழியாகத்தான் குளிர்காற்றும் புகுகிறது.

கடையில் நின்றபடி பார்க்காமல், வண்டியில் அமர்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பேடைப் பக்கவாட்டில் திருகும்படி உடன் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்: முழங்கை எலும்பை விட்டு இப்போதே விலகினால், விழும்போதும் விலகும். பேடை உருவி, இஎன் 1621-1 (EN 1621-1, பைக் ஓட்டுபவர்களின் கை, கால் பேடுகளுக்கான ஐரோப்பியத் தரம்) என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தவையும் விற்கின்றன.

மேட்டுப்பாளையம் வெயிலில் லைனரைக் கழற்றிய பிறகும் பேட் நகரக் கூடாது என்பதால், இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.