டிஸ்னி வேர்ல்டில் ஒரே நாளில் இரண்டு பார்க் போகலாமா? பெரியவர்களைக் கூட்டிப்போனவனின் பதில்

மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம், ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்க்குக்குள் நுழைய விடும் பார்க் ஹாப்பர் டிக்கெட் எடுக்கலாமா, இல்லை அது தண்டச் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டாலும் "வயதானவர்கள் வந்தால் ஹாப்பர் பக்கமே போகாதே" என்பார்கள். நான் நேர் எதிராகச் சொல்கிறேன். வயதானவர்கள் வருவதால்தான் எடுக்க வேண்டும். நீங்களும் பிள்ளைகளும் மட்டும் போவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஹாப்பர் என்றதும் எல்லோரும் ஒரே நாளில் நிறையப் பார்த்துத் தீர்ப்பதற்கான டிக்கெட் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைத்து வாங்கினால் நிச்சயம் நஷ்டம்தான். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று அங்கே நாலு பார்க். ஒவ்வொன்றுக்குமே ஒரு முழு நாள் பத்தாது. இதில் இரண்டை ஒரு நாளில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. ஆனால் ஆறு பேர் போகும் குடும்பத்தில் அந்த டிக்கெட்டுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. காலையில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு பார்க்குக்குப் போகலாம், சாயங்காலம் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். சாதா டிக்கெட்டில் பிரியலாம், சேர முடியாது. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் மாமியாருக்கு முட்டி வலி இருக்கும், மாமனார் "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க போங்க" என்று ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். என் அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவால் தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. பையனுக்கு உயரத்திலிருந்து விழும் சவாரி எதுவானாலும் வேண்டும். மகளோ அப்போது 38 அங்குல உயரத்தைக்கூடத் தொடவில்லை, அதனால் ஸ்லிங்கி டாக் டாஷ் சவாரியில்கூட ஏற முடியாது. டவர் ஆஃப் டெரருக்கு 40 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம் வேண்டும். இந்த ஆறு பேரையும் ஒரே பார்க்கில் ஒரே நேரத்தில் சந்தோஷமாக வைத்திருக்கவே முடியாது. யாராவது ஒருவர் இன்னொருவருக்காக வெயிலில் காத்துக்கொண்டே இருப்பார், அது பெரும்பாலும் பெரியவர்களாகத்தான் இருக்கும். அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

அதனால் ஒரு நாள் நாங்கள் இப்படிச் செய்தோம். மனைவியும் பையனும் காலையில் கதவு திறக்கும்போதே ஹாலிவுட் ஸ்டூடியோஸ் போய்விட்டார்கள். பெரியவர்களை நான் எழுப்பவே இல்லை. நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு முதலில் மேஜிக் கிங்டம் போனோம். காரணம் அங்கே ஓடும் நீராவி ரயில். பார்க்கைச் சுற்றி ஒன்றரை மைல் வட்டம். அதை இழுக்கும் நாலு எஞ்சினும் பொம்மை அல்ல. 1916க்கும் 1928க்கும் இடையில் பால்ட்வின் கம்பெனி செய்தவை, மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் உண்மையாகவே ஓடியவை. அவற்றை வாங்கி, புதுப்பித்து, 1971ல் பார்க் திறந்தபோது ஓடவிட்டார்கள். தண்டவாளம் 3 அடி அகலம். அப்பா ரயில் ஏறுவதற்கு முன் எஞ்சின் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இது நிஜ வண்டிடா" என்றார். அந்த ரயிலில் உயரக் கட்டுப்பாடு கிடையாது, குலுக்கல் கிடையாது, அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து வந்தார்கள்.

மதியம் அங்கிருந்து எப்காட்டுக்குக் கிளம்பினோம். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஹாப்பர் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் "பார்க் விட்டுப் பார்க் போவதிலேயே ஒரு மணி நேரம் வீணாகப் போகும்" என்பார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்பது உண்மை. இடமே சுமார் 100 சதுர கிலோமீட்டர், எப்படி ஆகாமல் இருக்கும்? வாசல் வரை நடை, வண்டிக்குக் காத்திருப்பு, பயணம், மறுபடி பை சோதனை, டிக்கெட் வாசல் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணியைத் தொட்டுவிடும். ஆனால் வீண் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேஜிக் கிங்டத்திலிருந்து எப்காட்டுக்கு மோனோரயிலில் போக வேண்டும், நடுவில் பெரிய கார் நிறுத்தத்தை ஒட்டிய நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். வெறும் 26 அங்குல அகலமுள்ள கான்கிரீட் உத்தரத்தின் மேல் ரப்பர் டயரில் ஓடும் ஆறு பெட்டி வண்டி. முதல் பாதியில் அது ஒரு ஓட்டல் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வரும். இரண்டாவது பாதியில் எப்காட் பார்க்குக்கு உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பெரிய வெள்ளிக் கோளத்தைக் காட்டிவிட்டுத்தான் நிலையத்தில் நிற்கும். அப்பாவுக்கு அன்றைக்கு மிகப் பெரிய சவாரியே அதுதான். ஒற்றை உத்தரத்தில் வண்டியைத் தடம் மாற்றுவது எப்படி, முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் இடைவெளியை எப்படிக் காக்கிறார்கள் என்று வழி முழுக்க எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அம்மாவுக்கோ ஏசியில் உட்கார்ந்து வந்த ஓய்வு. மகள் தூங்கிவிட்டாள். இதையா வீண் என்பது?

எப்காட்டின் பின்பாதியில் ஒரு ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கூடங்கள் இருக்கின்றன. பொதுவாக அந்தப் பகுதி காலை 11 மணிக்குத்தான் திறக்கும், அதனால் மதியம் போவது எந்த நஷ்டமும் இல்லை. ஏரியைச் சுற்றும் பாதை ஒரு மைலுக்கு மேல். வீல்சேர் இல்லாமல் அம்மாவால் முடிந்திருக்காது. சாயங்காலம் மனைவியும் பையனும் ஹாலிவுட் ஸ்டூடியோஸிலிருந்து ஸ்கைலைனரில் வந்து சேர்ந்தார்கள். அது 2019ல் தொடங்கிய கம்பிவட வண்டி. கரீபியன் பீச் நிலையத்தில் ஒரு முறை மாறினால் எப்காட்டின் பின்வாசலில், பிரிட்டன் கூடத்துக்கும் பிரான்ஸ் கூடத்துக்கும் நடுவே கொண்டுவந்து விடும். இரண்டு பார்க்குக்கும் இடையே படகும் இருக்கிறது, கால்வாய் ஓரமாக நடைபாதையும் இருக்கிறது. நாலு பார்க்கில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சுலபமாகப் போகலாம் என்றால் அது இந்த இரண்டுக்குத்தான். வாணவேடிக்கையை எல்லோரும் ஒன்றாக நின்று பார்த்தோம். பையன் தான் ஏறிய சவாரிகளைச் சொல்ல, அப்பா தான் பார்த்த எஞ்சினைச் சொல்ல, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை.

"உனக்கென்ன, காசு இருக்கிறது, சொல்கிறாய்" என்று யாராவது கேட்பார்கள். காசு எனக்கும் கணக்குதான். ஹாப்பருக்கான கூடுதல் தொகை பயணத் தேதியைப் பொறுத்து மாறும், ஆறு பேருக்கு என்று பெருக்கினால் பெரிய தொகைதான். ஆனால் டிக்கெட்டில் நாட்கள் கூடக் கூட, ஒரு நாளுக்கு விழும் கூடுதல் குறைந்துகொண்டே வரும். அதோடு, முதலில் சாதா டிக்கெட்டே வாங்கிவிட்டு, அங்கே போனபிறகு தேவைப்பட்டால் வித்தியாசத்தைக் கட்டி ஹாப்பராக மாற்றிக்கொள்ளலாம். ஆறு பேருக்கும் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. காலையில் ஒரு பார்க், சாயங்காலம் வேறு பார்க் என்று போகப்போவது யார் யாரோ அவர்களுக்கு மட்டும் போதும். 3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது.

இணையத்தில் பழைய பதிவுகளைப் படித்து "மதியம் 2 மணிக்கு முன் மாற விடமாட்டார்களாமே" என்று பயப்பட வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு கொண்டுவந்த விதி அது, 2024 ஜனவரி 9 முதல் இல்லை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் போய்வந்த சொந்தக்காரர்கள் "ரெண்டு நிமிஷ நடைதான், கண்ணை மூடிக்கிட்டு ஹாப்பர் எடு" என்பார்கள். அங்கே அது சரி. இரண்டே பார்க், வாசல்கள் எதிரெதிரே. அந்த அனுபவத்தை ஃப்ளோரிடாவுக்குப் பொருத்தினால் பெரியவர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

இனி நான் சொல்ல வருவது உங்கள் கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாதது. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அன்று எடுத்த படம் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். அம்மா வீல்சேரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் படம். உடனே ஒரு பெரியவரிடமிருந்து போன். "நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவளை வண்டியில உட்கார வச்சுட்டியே, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று. இன்னொருவர் "அபசகுனமா இருக்கு, அந்தப் படத்தை எடுத்துடு" என்றார். அம்மா வலியோடு நடந்திருந்தால் இவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்குமா? கண்ணாடி போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, வீல்சேர் என்றால் மட்டும் மானம் போய்விடுகிறது. முதலில் அம்மாவுக்குமே கூச்சம் இருந்தது. "நாலு பேர் முன்னாடி என்னால முடியாதுப்பா" என்றார். அங்கே போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வீல்சேர்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சவாரி வாசலில் எழுந்து நடந்து போய் ஏறினார், இறங்கி வந்து மறுபடி உட்கார்ந்தார், யாரும் "நடக்க முடிகிறதே, அப்புறம் எதற்கு வண்டி" என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நம் ஆட்கள்தான், அதுவும் பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு. படத்தைக் குழுவிலிருந்து நான் நீக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும், மாமியார் மறுப்பார். விடாமல் பேசி உட்கார வையுங்கள். இது என் கருத்து மட்டும்தான், அவர் உடல் நிலை உங்களுக்குத்தான் தெரியும்.

வீல்சேரை பார்க்கிலேயே வாடகைக்கு எடுத்தால் அதை வெளியே கொண்டுபோக முடியாது. அடுத்த பார்க்கில் அன்றைய ரசீதைக் காட்டி வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், கைவசம் இருந்தால்தான் தருவார்கள். குழந்தையின் ஸ்ட்ரோலருக்கும் அப்படியே. பார்க் மாறும் எண்ணம் இருந்தால் இரண்டையும் வெளியில் வாடகைக்கு எடுங்கள், ஓட்டலுக்கே கொண்டுவந்து தரும் கடைகள் இருக்கின்றன. மோனோரயிலில் பணியாளர் சாய்பலகை போட்டு ஏற்றுவார். ஸ்கைலைனரில் ஓடும் பெட்டியில் ஏற வேண்டியதில்லை, வீல்சேருக்கென்று நின்ற பெட்டியைத் தனித் தடத்தில் தருவார்கள்.

கோடையில் போவதாக இருந்தால் மதியத்துக்கு மேல் இடி மின்னல் மழை அடிக்கடி வரும். அப்போது ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள், பஸ்ஸை நம்பித்தான் போக வேண்டும். அனிமல் கிங்டத்தை ஹாப்பர் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருக்கிறது, பஸ்ஸில்தான் போக முடியும், மற்ற பார்க்குகளைவிட சீக்கிரம் மூடிவிடுவதும் வழக்கம். அதற்கென்று ஒரு நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். ஒரே நாளில் மூன்று பார்க் என்ற பேச்சை யாராவது எடுத்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள், அது பெரியவர்களுக்குச் செய்யும் கொடுமை.

வரிசையைத் தாண்ட லைட்னிங் லேன் மல்டி பாஸ் வாங்குவதாக இருந்தால், முன்பதிவில் முதல் மூன்று தேர்வும் ஒரே பார்க்கில்தான் இருக்க வேண்டும், அதில் ஒன்றைப் பயன்படுத்திய பிறகே வேறு பார்க்கில் எடுக்க முடியும். அதனால் பையனோ பெண்ணோ ஆசைப்படும் பெரிய சவாரிகள் இருக்கும் பார்க்கைக் காலையில் வையுங்கள். பெரியவர்களுக்கு அந்த பாஸ் வாங்கவே வேண்டாம், அவர்கள் ரசிப்பவற்றில் பெரும்பாலும் நீண்ட வரிசை இருக்காது.

உங்களிடம் ஐந்து நாள் இருந்தால், முதல் மூன்று நாளும் சாதா டிக்கெட்டில் நாளுக்கு ஒரு பார்க்காகவே போங்கள், யார் எவ்வளவு தாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாலாவது நாள் காலை ஹாப்பராக மாற்றி, அந்த நாளில் பிரிந்து போய் சாயங்காலம் எப்காட்டில் சேருங்கள். சேரும் இடத்தைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பின்வாசல் பக்கம் நல்லது. மாமனாரின் போன் அங்கே வேலை செய்யுமா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.